முதுகுத்தண்டு ஊசியும் பிற நோய்களும்

இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நாள் குறிக்கப்பட்டுவிட்டால், நம் இல்லங்களில் அன்றிரவு நடக்கும் ஆலோசனையை நாம் அனைவரும் அறிவோம். வாப்பாவுக்கு இருதய நோய் உண்டு, சர்க்கரை உண்டு, சில ஆண்டுகளாக மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டுச் செய்துவிடலாம் என்று மருத்துவர் கூறியிருப்பார். உறவினருள் ஒருவர், இருதய நோயாளிக்கு அதுதான் பத்திரம் என்பார். இன்னொருவர், முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும், ஆயுள் முழுதும் வலி நிற்காது என்பார். இருவரும் உறுதியாகவே பேசுவர்.

இவ்விரு கருத்துகளும் காற்றில் பிறந்தவை அல்ல. இரண்டுக்கும் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இரண்டுமே ஒவ்வொரு காலத்தில் மருத்துவர்களாலேயே சொல்லப்பட்டவை. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறோம்.

கதை குளோரோபாரத்தில் தொடங்குகிறது. 1847ஆம் ஆண்டில் எடின்பரோவில் குளோரோபாரம் மயக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. மறு ஆண்டின் ஜனவரி மாதத்திலேயே, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கருகில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக அம்மருந்தை முகர்ந்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி சில நிமிடங்களில் இறந்துபோனாள். அதன்பின் இத்தகைய மரணங்கள் ஆண்டுதோறும் பதிவாகி வந்தன. குளோரோபாரம் முதலில் மூச்சை நிறுத்துகிறதா, இருதயத்தை நிறுத்துகிறதா என்ற வினா ஐரோப்பிய மருத்துவ உலகை இரு கட்சிகளாகப் பிரித்தது. இருதய நோயாளிக்கு மயக்கம் ஆகாது என்று இன்றும் நம் வீடுகளில் சொல்லப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இவ்வினாவுக்கு விடை காண மிகப் பெரிய முயற்சி நடந்த இடம் இலண்டனன்று. நம் தக்காணத்து ஹைதராபாத். அங்கே அஃப்ஸல்கஞ்ச் மருத்துவமனையில் பணியாற்றிய எட்வர்ட் லாரி என்னும் ஆங்கிலேய மருத்துவர், குளோரோபாரம் இருதயத்தைத் தீண்டுவதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்ற கொள்கையில் பிடிவாதமாக இருந்தவர். நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கானின் ஆதரவில் 1888இல் முதல் ஆய்வுக்குழு அமைந்தது. அதன் முடிவை இலண்டனின் 'லான்செட்' இதழ் ஏற்கவில்லை. உடனே நிஜாம் 1,000 பவுன் தொகை அளித்து, அவ்விதழே ஒரு நிபுணரை அனுப்பிச் சோதித்துக்கொள்ளட்டும் என்று அழைப்பு விடுத்தார். லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருந்தியலறிஞர் 1889இல் வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளின் மீது சோதனை நடத்தப்பட்டு, லாரியின் கட்சியே சரியென அறிவிக்கப்பட்டது. அக்காலத்திலேயே ஓர் இந்திய அரசர் மருத்துவ ஆராய்ச்சிக்கு இவ்வளவு செலவிட்டார் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால் முடிவு தவறு. குளோரோபாரத்தின் இலேசான மயக்கத்திலேயே இருதயம் தாளம் தவறித் துடித்து நின்றுவிடக் கூடும் என்பதை 1911இல் லெவி என்னும் ஆங்கிலேயர் சோதனையால் காட்டினார். நூற்றுக்கணக்கில் சோதனைகள் செய்தும் உண்மை பிடிபடாமல் போயிற்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எண்ணிக்கை மட்டும் போதாது, எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம் என்பது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்.

முழு மயக்கத்தின் மீதிருந்த இந்த அச்சமே முதுகுத்தண்டு ஊசியை ஈன்றது. 1884இல் கண்ணில் சொட்டாக விடப்பட்ட கொகேயின், உணர்வை மரக்கச் செய்வதை வியன்னாவில் கார்ல் கோலர் காட்டினார். மறு ஆண்டே நியூயார்க் நகர மருத்துவர் கார்னிங், முதுகெலும்புகளுக்கிடையே கொகேயினைச் செலுத்திப் பார்த்தார். 1891இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிஹ் குவிங்கே, தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரை ஊசி கொண்டு எடுக்கும் முறையை வகுத்தார். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பிழைகள் மட்டுமே நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஊசியைச் செலுத்தினால் தண்டுவடத்தைக் குத்தும் அபாயம் மிகக் குறைவு. இந்த எளிய உடற்கூற்று உண்மையின் மீதே முழு முறையும் நிற்கிறது.

அதே கீல் நகரில், 1898 ஆகஸ்ட் 16ஆம் நாள், அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீர் முதன்முதலாக இவ்வழியே மனிதர் ஒருவருக்கு மரப்பு ஏற்படுத்தி அறுவை செய்தார். அந்த நோயாளி யார் என்பதே நம் பொருளுக்கு முக்கியம். முப்பத்து நான்கு வயதுத் தொழிலாளி. கணுக்கால் மூட்டில் காசநோய். முன்னர்ப் பலமுறை முழு மயக்கம் பெற்று, ஒவ்வொரு முறையும் கடுமையாக அவதிப்பட்டவர். ஆகவே முதுகுத்தண்டு ஊசி ஆரோக்கியமான உடலுக்கென்று தோன்றியதன்று. வேறு நோயால் மெலிந்து, மயக்க மருந்தைத் தாங்காத ஒருவருக்காகவே அது தோன்றிற்று.

எட்டு நாள் கழித்து, பீரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்டும் தம் உடலிலேயே சோதித்தனர். பீரின் முதுகில் ஊசி இறங்கியபின், மருந்துக் குழல் ஊசியோடு பொருந்தாமல் தண்டுவட நீர் வீணே ஒழுகிப்போயிற்று. பின்னர் ஹில்டெபிராண்ட் படுத்துக்கொள்ள, பீர் மருந்தைச் செலுத்தினார். கால் மரத்ததா என்று அறிய ஊசியால் குத்தினார். எரியும் சுருட்டை வைத்தார். இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே அடித்தார். ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் முதல் இருவருக்கும் தலைவலி. பீர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் தணியும். தண்டுவட நீர் ஊசித்துளை வழியே கசிவதால் வரும் அந்தத் தலைவலியின் இலக்கணத்தை அவர் தம் உடலிலிருந்தே எழுதினார். இன்று நம் பெண்கள் பேறுகால அறுவைக்குப் பின் சில வேளைகளில் அனுபவிப்பது அதே தலைவலிதான். 1951இல் விட்டேக்கரும் 1987இல் ஷ்பிரோட்டேயும் அமைத்த, பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் அதனைப் பெருமளவு குறைத்துவிட்டன. நாட்பட்ட முதுகுவலிக்கு இந்த ஊசியே காரணம் என்ற நம்பிக்கையைப் பொறுத்தவரை, ஊசி பெறாமல் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அவ்வலி ஏறக்குறைய அதே அளவில் வருகிறது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. குத்திய இடம் சில நாள் நோவது வேறு செய்தி.

பீர் எச்சரிக்கையோடு இருந்தார், உலகம் இருக்கவில்லை. 1899இலேயே பாரிசில் துய்ஃபியேயும் அமெரிக்காவில் வேறு சிலரும் இம்முறையைக் கையாளத் தொடங்கினர். 1904இல் ஃபூர்னோ உருவாக்கிய ஸ்டோவெயின், அதையடுத்து ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவகெயின் ஆகியன, கொகேயினின் நச்சுத்தன்மையிலிருந்து விடுவித்தன. 1907இல் இலண்டனில் ஆர்தர் பார்க்கர், மருந்தோடு குளுக்கோஸ் கலந்து அதனைக் கனமாக்கினார். கனமான மருந்து நீருக்குள் தாழ்வான பக்கம் செல்லும். நோயாளியைச் சாய்த்தோ நிமிர்த்தியோ மரப்பு எவ்வளவு தூரம் ஏறவேண்டும் என்பதை மருத்துவர் ஆளலாம். இன்றும் நம் மருத்துவமனைகளில் குளுக்கோஸ் கலந்த பியூபிவகெயினே பெரும்பாலும் செலுத்தப்படுகிறது என்பதால், பார்க்கரின் கை நம் ஒவ்வோர் அறுவை அரங்கிலும் இருக்கிறது எனலாம்.

அக்காலத்தில் மிக மோசமான நிலையில் வந்த நோயாளிகளுக்கே இம்முறை முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஈதரைத் தாங்காத நுரையீரல் நோயாளி, குளோரோபாரத்தைத் தாங்காத இருதய நோயாளி, குடலடைப்பால் நீர் வற்றியவர், இரத்தம் இழந்தவர் என்று எல்லோருக்கும் முதுகில் ஊசி. அவர்களுள் சிலர் அரங்கிலேயே இறந்தனர். 'விழித்தபடியே இருக்கிறார், ஆகவே பத்திரமாக இருக்கிறார்' என்ற நினைப்பு தவறென்று தெரியவந்தது இவ்வாறுதான்.

இதன் காரணத்தை நாம் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். முதுகில் செலுத்தும் மருந்து வலியை உணர்த்தும் நரம்புகளை மட்டும் மரக்கச் செய்வதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பரிவு நரம்புகளையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. குழாய்கள் விரிந்துவிட, இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. இருதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. மரப்பு நெஞ்சுவரை ஏறினால் இருதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளும் தளர்ந்து, நாடித்துடிப்பும் மந்தமாகிறது. இளைஞனின் உடல் இதனை ஈடுசெய்துகொள்ளும். ஏற்கெனவே இரத்தமோ நீரோ இழந்தவனின் உடல், குழாய்களை இறுக்கிக்கொண்டே உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியை ஊசி தளர்த்திவிட்டால் நிற்க வேறு ஊன்றுகோல் இல்லை. நெடுநாள் நீரிழிவால் இந்நரம்புகள் பழுதுபட்டவருக்கும் அழுத்தம் பிறரினும் அதிகமாக வீழலாம்.

இதற்கு மாற்று மருந்து கீழ்த்திசையிலிருந்து வந்தது. சீனர்கள் நெடுங்காலமாக ஆஸ்துமாவுக்குப் பயன்படுத்திவந்த 'மா ஹுவாங்' மூலிகையின் சாரமான எஃபெட்ரின் அழுத்தத்தை உயர்த்துவதைப் பீகிங் மருத்துவக் கல்லூரியில் சென், ஷ்மிட் இருவரும் 1924இல் விளக்கினர். மூன்றாண்டுக்குள், அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஆக்கர்பிளாடும் தில்லனும் முதுகுத்தண்டு ஊசியால் வீழ்ந்த அழுத்தத்தை அம்மருந்தால் தூக்கி நிறுத்தினர். வீழ்ச்சி வருமென்று எதிர்பார்த்து, அளந்து, உடனே திருத்துவது என்ற பழக்கம் அன்று முதல் வளர்ந்தது. இதுவே ஊசியினும் பெரிய கண்டுபிடிப்பு என்பது எம் கருத்து.

இங்கே ஒரு நோயை மட்டும் தனியே சொல்ல வேண்டும். இருதயத்திலிருந்து மகாதமனிக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வு சுருங்கிவிட்டவருக்கு, அந்த ஒடுங்கிய வாசல் வழியே வெளியேறும் இரத்தத்தை விருப்பம்போல் கூட்ட இயலாது. குழாய்கள் திடீரென விரிந்தால், அழுத்தம் வீழும். அழுத்தம் வீழ்ந்தால், தடித்துப்போன அந்த இருதயத்துக்கே இரத்தம் போதாது. ஆகவே கடுமையான வால்வுச் சுருக்கம் உள்ளவருக்கு ஒரே வீச்சில் முழு அளவு மருந்தைச் செலுத்தலாகாது என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட விதி. மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து, சொட்டுச் சொட்டாக மருந்தைச் செலுத்தி, தமனியின் அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்த்தவாறு வெற்றிகரமாகச் செய்தவர்களும் உளர். இருதய நோய் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது பல நோய்களை. அடைப்பு வேறு, வால்வு வேறு, தளர்ந்த தசை வேறு. முதுகுத்தண்டு ஊசி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

கால் விழுந்துவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். 1947 அக்டோபர் 13, இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனை. ஒரே நாளில், ஒரே மருத்துவர் கையால், நியூபெர்கெயின் என்ற மருந்தை முதுகில் பெற்றுச் சிறு அறுவைகள் செய்துகொண்ட இருவர், இடுப்புக்குக் கீழே நிரந்தரமாக முடமாயினர். இருவரும் ஏனைய வகையில் நலமாக இருந்தவர்கள். வழக்கு 1953இல் விசாரணைக்கு வந்தது. மருந்துச் சிறுகுப்பிகள் ஃபீனால் என்னும் கிருமிநாசினியில் ஊறவைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் வழியே அந்நஞ்சு உள்ளே சென்றிருக்கலாம் என்று நீதிமன்றத்தில் கூறப்பட்டது. வழக்கு தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டில் மேன்முறையீட்டை விசாரித்த நீதிபதி டென்னிங், 1947இல் நடந்ததை 1954இன் கண்ணாடி அணிந்து பார்க்கலாகாது என்று கூறி அதே முடிவை உறுதிசெய்தார். சட்ட மாணவர் இன்றும் அத்தீர்ப்பைப் படிக்கின்றனர். முடமான இருவருக்கும் சட்டத்தால் கிடைத்தது ஒன்றுமில்லை. பல்லாண்டுக்குப் பின் 1990இல், கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் உப்புப் படிவை நீக்கப் பயன்பட்ட அமிலம் மிச்சமிருந்து ஊசியோடு சென்றதே காரணமாயிருக்கலாம் என்று வேறொரு விளக்கம் எழுதப்பட்டது. எவ்வாறாயினும் குற்றம் முறையினுடையதன்று, தூய்மையினுடையது. ஆனால் செய்தித்தாள்கள் படங்களோடு வெளியிட்ட அவ்வழக்குக்குப் பின், பிரிட்டனில் முதுகுத்தண்டு ஊசி பல ஆண்டுகள் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அதே 1954இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரிப்ஸ், வாண்டம் என்னும் இருவர் வேறொரு செயலைச் செய்தனர். பரபரப்பான செயலன்று. 10,098 முதுகுத்தண்டு ஊசிகளைப் பெற்றவர்களை நெடுநாள் பின்தொடர்ந்து, ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று விசாரித்து எழுதினர். ஊசியால் விளைந்த பெரிய நரம்புச் சேதம் ஒன்றையும் அவர்கள் காணவில்லை. வதந்தி இரண்டு பேரைச் சுட்டிக்காட்டிய ஆண்டுகளில், கணக்கு பத்தாயிரம் பேரைக் காட்டிற்று. எது வேகமாகப் பரவியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் அவ்விருவரே 1956இல், ஏற்கெனவே நரம்பு நோய் உள்ளவருக்கு இவ்வூசி நோயைக் கிளறிவிடக்கூடும் என்று எச்சரித்தனர். அதன்பின் அரை நூற்றாண்டுக்காலம், போலியோ, தண்டுவடக் காயம், நரம்புறைத் தேய்வு நோய் உடையவர்களைப் பெரும்பாலோர் இம்முறையிலிருந்து விலக்கியே வைத்தனர். 2006இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர், மூளை அல்லது தண்டுவட நோய் முன்பே இருந்தும் முதுகு வழி மரப்புப் பெற்ற 139 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒருவருக்கும் புதிய குறையோ பழைய குறையின் மிகுதியோ காணப்படவில்லை. 139 என்பது சிறு எண்ணே. அதனால் எச்சரிக்கை நீங்கிவிடவில்லை, விலக்கு நீங்கிற்று.

விலக்கு ஒன்று கணக்கின் முன் எவ்வாறு கரைந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று, கர்ப்பகால இரத்தக் கொதிப்பு. பிரி-எக்லாம்ப்சியா என்று மருத்துவர் கூறும் இந்நோயில் பிள்ளைத்தாய்ச்சியின் அழுத்தம் அபாயகரமாக உயர்கிறது. முகம், கை, கால் வீங்குகின்றன. முற்றினால் வலிப்பு வந்து தாயும் சேயும் இழக்கப்படலாம். நம் குடும்பங்களில் இத்துயரை அறியாதவை குறைவு. அறுவை செய்து குழந்தையை எடுப்பதே பல வேளைகளில் ஒரே வழி. அவ்வேளையில் முதுகில் ஊசி கூடாது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. காரணம் தர்க்கத்துக்குப் பொருந்தியதாகவே இருந்தது: இந்நோயில் குழாய்களுக்குள் உள்ள நீர் குறைவு, குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன, திடீரெனத் தளர்த்தினால் அழுத்தம் பாதாளத்துக்கு வீழ்ந்து குழந்தைக்கு இரத்தம் செல்லாது.

ஆகவே அத்தாய்மாருக்கு முழு மயக்கமே கொடுக்கப்பட்டது. அதிலோ வேறு அபாயம். வீங்கிய தொண்டையில் மூச்சுக்குழாய் எளிதில் இறங்காது. இறங்கும் நொடியில், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அழுத்தம் மேலும் எகிறி, மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கக்கூடும். 1990களில் சிலர் துணிந்து இரு முறைகளையும் ஒப்பிட்டனர். அஞ்சிய வீழ்ச்சி காணப்படவில்லை. 2003இல் பிரான்சில் ஆயாவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வியப்பையே தந்தது. கடுமையான பிரி-எக்லாம்ப்சியா உடைய முப்பது பெண்களையும் நலமான முப்பது பெண்களையும் முதுகுத்தண்டு ஊசியின்கீழ் ஒப்பிட்டபோது, நலமானவர்களுள் பாதிப்பேருக்கு மேல் அழுத்தம் வீழ்ந்தது. நோயுற்றவர்களுள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கே வீழ்ந்தது. இந்நோயில் குழாய்களை இறுக்குவது நரம்பு மட்டுமன்று, இரத்தத்திலேயே சுற்றும் பொருள்கள். ஊசி நரம்பைத் தளர்த்தினாலும் அப்பொருள்கள் பிடியை விடுவதில்லை என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. தர்க்கம் அழகாயிருந்தது, ஆனால் உடல் வேறு வழியில் நடந்தது. இன்று இத்தகைய தாய்க்கு, இரத்தத் தட்டணுக்கள் போதுமான அளவு இருந்து, வலிப்போ மயக்கமோ இல்லாதிருந்தால், முதுகுத்தண்டு ஊசியே பெரும்பாலும் விரும்பப்படுகிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 70,000க்குக் குறையாதிருந்தால் செய்யலாம் என்று அமெரிக்க மகப்பேறு மயக்கவியலார் 2021இல் வழிகாட்டினர்.

நோயாளிகளைப் பற்றிய அச்சம் இவ்வாறு ஒவ்வொன்றாகக் குறைந்துவர, எதிர்பாராத திசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1988இல் கேப்லனும் அவர்தம் தோழர்களும், காப்பீட்டு வழக்குகளின் கட்டுகளிலிருந்து பதினான்கு நிகழ்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டனர். பதினான்கு பேரும் பிற நோயேதும் இல்லாத நலமான மனிதர். முதுகுத்தண்டு ஊசியின்கீழ் திடீரென இருதயம் நின்றது. ஆறு பேர் இறந்தனர், பிழைத்தவருள் பெரும்பாலோர் மூளை பழுதுற்றனர். நலமானவர் என்ற நம்பிக்கையில் உறக்க மருந்தும் தாராளமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மந்தமான நாடியைத் தூக்க அட்ரினலின் கொடுப்பதில் தாமதமும் நேர்ந்தது. இருதய நோயாளியின் அருகே இமைகொட்டாமல் அமர்ந்திருப்பவர், நலமான இளைஞனின் அருகே சற்று அயர்ந்துவிடுகிறார். அபாயம் நோயின் பெயரில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை. விரலில் மாட்டி இரத்தத்தின் உயிர்வளியைக் காட்டும் சிறு கருவி, முதுகில் ஊசி பெற்று விழித்திருப்பவருக்கும் கட்டாயம் என்றானதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்குண்டு.

இனிப் பெருங்கணக்குகள். செஸ்டர்ஃபீல்டு வழக்கால் அஞ்சி ஒதுங்கிய அதே பிரிட்டனில், தேசிய அளவில் ஒரு தணிக்கை நடத்தப்பட்டு 2009இல் வெளியாயிற்று. ஓராண்டில் முதுகு வழியே செய்யப்பட்ட 7,07,455 மரப்புகள் கணக்கிடப்பட்டன. நிரந்தரச் சேதம், ஐயத்துக்குரியவற்றையெல்லாம் சேர்த்தெண்ணினாலும் லட்சத்துக்கு 4.2, இரு கால்கள் முடமாதலும் மரணமும் சேர்ந்து லட்சத்துக்கு 1.8. கால் விழுந்துவிடும் என்று கூறும் உறவினருக்கு இவ்வெண்களைக் கூறலாம்.

ஆனால் அதுதான் பத்திரம் என்று கூறியவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 2000ஆம் ஆண்டில், 141 ஆய்வுகளையும் 9,559 நோயாளிகளையும் ஒருங்கே திரட்டிய ரோஜர்சின் தொகுப்பு, முதுகு வழி மரப்பால் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டிற்று. பல மருத்துவர் அதனையே வேதவாக்காகக் கொண்டனர். ஆனால் அத்தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் பழைய ஆய்வுகள். அதற்குள் முழு மயக்கமும் தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. குளோரோபாரமும் ஈதரும் போய், மூச்சையும் அழுத்தத்தையும் நொடிதோறும் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. 2021இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். அறுபது நாளுக்குள் இறந்தவரும் துணையின்றி அறைக்குள் நடக்க இயலாதவரும் சேர்ந்து, முதுகுத்தண்டு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18.0 சதவீதம். சீனாவில் 950 முதியவரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றே கண்டது. மூச்சுக் குழாய் நோய் முற்றியவருக்கு, தொண்டையில் குழாய் இறக்காமல் முடிப்பது இன்றும் விரும்பத்தக்கதே. ஆனால் எல்லா முதியவருக்கும் எல்லா இருதய நோயாளிக்கும் முதுகு ஊசியே உயிர்க்கவசம் என்று கூற இனி இடமில்லை. கைதேர்ந்தவர் எதைச் செய்கிறார் என்பது, எம்முறை என்பதைவிடப் பெரிதாகிவிட்டது.

பழைய விலக்குகள் இவ்வாறு தளர்ந்த காலத்திலேயே புதிய விலக்கொன்று பிறந்தது. அதுவே இன்று நம் குடும்பங்களை மிகவும் தொடுவது. இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளைச் சொல்கிறோம். முதுகுத்தண்டின் கால்வாய் எலும்பாலான குறுகிய அறை. அதனுள் சிறு இரத்தநாளம் கிழிந்து கசிவு நிற்காவிடில், தேங்கும் இரத்தம் நரம்புகளை நசுக்கிவிடும். 1906 முதல் 1994 வரை உலக மருத்துவ இலக்கியத்தில் இவ்வாறு பதிவானவை 61 மட்டுமே. அவற்றுள் 42 பேருக்கு உறைதல் குறை இருந்தது. 1993இல் எனாக்ஸபாரின் என்ற புதுவகை ஹெப்பாரின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் அம்மருந்து நாளுக்கொருமுறை கொடுக்கப்பட்டது, சிக்கல் அரிது. அமெரிக்காவில் நாளுக்கிருமுறை கொடுத்தனர். நான்கைந்து ஆண்டுக்குள் நாற்பதுக்கு மேற்பட்டவருக்கு இவ்விபத்து நேர்ந்தது, பலர் முடமாயினர். 1997 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரிக்கை விடுத்தது. மறு ஆண்டு மயக்கவியலார் கூடி மணிக்கணக்கை வகுத்தனர். தடுப்பு அளவில் அம்மருந்து போட்டவருக்குப் பன்னிரண்டு மணி நேரமும், சிகிச்சை அளவில் போட்டவருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் கழிந்த பின்னரே முதுகில் ஊசி என்பது இன்றும் கைக்கொள்ளப்படும் வரையறை. குளோப்பிடோகிரெல் மாத்திரைக்கு ஐந்து முதல் ஏழு நாள்; வார்ஃபரினுக்கு ஏறக்குறைய ஐந்து நாளும், உறைதல் அளவு இயல்புக்குத் திரும்பியதைக் காட்டும் இரத்தச் சோதனையும் வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் உட்கொள்பவருக்குப் பொதுவாகத் தடையில்லை.

இருதயத்தில் வலைக்குழாய் வைத்துக்கொண்ட பெரியவர்கள் இம்மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குகின்றனர். பெயர் கேட்டால் 'காலையில் ஒரு சிவப்பு மாத்திரை' என்பர். ஆகவே மாத்திரைகளை அட்டையோடு மயக்கவியல் மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டுவதும், கடைசியாக விழுங்கிய நாளையும் நேரத்தையும் கூறுவதும் வேண்டும். தாமாகவே நிறுத்திவிடுவதும் அபாயம், வலைக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். அறுவை முடிந்து சில மணி நேரத்தில் கால்களுக்கு உணர்வு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, திரும்பிய உணர்வு மீண்டும் மங்கினாலோ, முதுகில் புதிதாகக் கடும் வலி எழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே செவிலியை அழைத்துச் சொல்ல வேண்டும். தேங்கிய இரத்தத்தை எட்டு மணி நேரத்துக்குள் அகற்றியவர்களுள் பலர் மீண்டும் நடந்திருக்கின்றனர்.